புதன்கிழமை வகுப்பும் ஆடி அமாவாசையும்

சென்ற சித்திரையில் தெற்கு லண்டனில், குரோய்டனில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தேன். அமெரிக்கத் தத்துவவாதிகளும் அவர்களுடைய கருத்துகளும் என்பது பாடம். புதன்கிழமைகளில், வேலை முடிந்தபின் நடக்கும். பேருந்துச் சாரதிகளுக்கு வேலைநேரம் ஒழுங்குபடுத்தும் அலுவலகம் ஒன்றில் நான் இருக்கிறேன். யார் எந்த வண்டியை எந்தத் தரிப்பில் யாரிடமிருந்து பொறுப்பேற்க வேண்டும், எங்கே இறங்கி இளைப்பாற வேண்டும் என்று வரைந்து, பிறகு அதில் பிழை பார்ப்பது என் வேலை. நாள் முழுதும் பிழை பார்த்த கண்ணுக்கு வேறு ஏதாவது வேண்டியிருந்தது. மனைவி நீச்சல் வகுப்பைச் சொன்னாள். அதில் இடம் இருக்கவில்லை.

பாடம் எடுத்தவர் அமெரிக்காவில் பிறந்து இங்கே தங்கிவிட்ட ஒரு பெண்மணி. முதல் நாள், ஒழுங்கான வேலை கிடைக்காமல் வறுமையில் இறந்துபோன ஒரு சிந்தனையாளரைப் பற்றிச் சொன்னார். ஒரு பொருள் கடினமானது என்கிறோமே, அப்படியென்றால் என்ன என்று அந்த மனிதர் கேட்டாராம். அதைக் கீறிப் பார்த்தால் எளிதில் கீறுப்படாது. கீறும்போது நடப்பதைத் தவிர, கடினம் என்ற சொல்லுக்குள் வேறு எதுவும் ஒளிந்திருக்கவில்லை. நம்பிக்கையும் அப்படித்தான். ஒருவர் எதை நம்புகிறார் என்பது அவர் என்ன செய்யத் தயாராக இருக்கிறார் என்பதில் இருக்கிறது. மற்றதெல்லாம் வாய்ப்பேச்சு.

வகுப்பு விட்டு தோர்ண்டன் ஹீத்துக்கு வந்ததும் வழக்கம்போல அக்கா வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அக்கா தன் மகளோடு இருந்தார். ஊரில் இரசாயனம் படிப்பித்தவர். இங்கே ஒரு பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உதவியாளர்.

"இண்டைக்கு என்ன படிச்சனி?" என்று கேட்டார்.

"ஒரு நம்பிக்கைக்கு என்ன அர்த்தம் எண்டு தெரிய வேணுமெண்டால், அதை நம்புற ஆள் என்ன செய்யுது எண்டு பார்க்க வேணுமாம்."

"இதைச் சொல்லித்தர அமெரிக்காவில இருந்து ஆள் வர வேணுமே? சோறு போடுறன், கையைக் கழுவு."

அக்காவின் கணவரை, அதாவது என் அத்தானை, யுத்தத்தின் கடைசி நாள்களுக்குப் பிறகு நாங்கள் காணவில்லை. சரணடைந்தவர்களோடு அவர் ஒரு பேருந்தில் ஏறினார். முட்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அக்கா அதைப் பார்த்தார். பக்கத்தில் மகள் நின்றாள், அப்போது அவளுக்குப் பத்து வயது. அதன்பிறகு எந்தப் பட்டியலிலும் அத்தானின் பெயர் இல்லை. உடலும் கிடைக்கவில்லை. அவர் உயிரோடு இருக்கிறார் என்று அக்கா யாரோடும் வாதாடியதில்லை. இருக்கிறார் என்பதுபோல நடந்துகொண்டார், அவ்வளவுதான். கழுத்தில் தாலிக்கொடி, நெற்றியில் குங்குமம். அவற்றையாவது பழக்கம் என்று சொல்லலாம். ஆடி அமாவாசையை அப்படிச் சொல்ல முடியாது.

ஆடி அமாவாசை எங்கள் ஆட்களுக்குத் தகப்பனை இழந்தவர்களின் விரதநாள். தகப்பன் இருப்பவர்கள் அன்று விரதம் இருக்கக் கூடாது. இருந்தால் தகப்பனைச் சாகச் சொல்வதற்குச் சமம். எங்கள் அப்பா காலமாகிவிட்டதால் அக்காவும் நானும் அன்று காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கோயிலுக்குப் போய்ப் பிதிர்க்கடன் முடித்து, மத்தியானம் அக்கா வீட்டில் காத்தோட்டிக்காய்க் கறியோடு விரதத்தை முடிப்போம். அது கைக்கும் ஒரு சின்னக் காய். ஆண்டில் அந்த ஒரு நாளுக்குத்தான் அதைத் தேடுவார்கள். தோர்ண்டன் ஹீத் கடைகளில் அந்தக் கிழமை மட்டும் வந்திறங்கும். ஆனால் மகளுக்கு அன்று காலையில் அக்கா சாப்பாடு கொடுத்தே தீருவார். இடியப்பமோ பாணோ, ஏதாவது ஒன்று கோயிலுக்குப் புறப்படுமுன் அவள் வாயில் போயிருக்க வேண்டும். பள்ளிக்கூடக் காலத்திலும் அப்படி, பல்கலைக்கழகத்திலிருந்து லீவில் வந்த காலத்திலும் அப்படி. மத்தியானம் அவள் தட்டில் மட்டும் காத்தோட்டிக்காய் விழாது.

அந்தக் காலைச் சாப்பாட்டைத்தான் வகுப்பில் இருந்தபோது நான் நினைத்தேன். கீறிப் பார்த்தால் தெரியும் கடினம் அங்கேதான் இருந்தது.

வைகாசியில் இன்னொருவரைப் படித்தோம். சென்ற நூற்றாண்டைச் சேர்ந்தவர், தர்க்கத்தில் பெரிய ஆள். நம்முடைய நம்பிக்கைகள் தனித்தனியாக உலகத்துக்கு முகம் கொடுப்பதில்லை, எல்லாம் ஒன்றோடொன்று பின்னிய ஒரே வலையாகத்தான் முகம் கொடுக்கின்றன என்பது அவர் கருத்து. ஓர் அடி விழும்போது எந்த இழையைத் திருத்துவது என்பது நம் கையில் இருக்கிறது. மற்றவற்றை வேண்டிய அளவு மாற்றத் தயாராக இருந்தால் எந்த நம்பிக்கையையும் காப்பாற்றிவிடலாம்.

நான் அக்கா திருத்திய இழைகளை எண்ணிப் பார்த்தேன். தடுப்பு முகாமிலிருந்து வெளியே வந்த ஒருவர் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருந்தார். அந்தப் பேருந்தில் போனவர்களில் ஒருவரையும் பிறகு யாரும் காணவில்லை என்று அவர் சொன்னார். அவர் வேறு பேருந்தைச் சொல்கிறார் என்றார் அக்கா. மறைவான சிறைகள் எவையும் இல்லை என்று அரசாங்கம் சொன்னது. அவர்கள் எப்போது உண்மை சொன்னார்கள் என்றார். காலம் போகப் போக, அடிபட்டதில் அத்தானுக்கு ஞாபகம் தவறியிருக்கலாம் என்றார். தனியாக எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமான பதில். பிழை பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் என்னாலும் ஒன்றையும் பிழை என்று காட்ட முடியவில்லை. வலை மட்டும் ஒவ்வொரு தடவையும் பெரிதாகிக்கொண்டு போனது. மகளும் அதற்குள்ளேதான் வளர்ந்தாள்.

ஆனியில் எல்லாரையும்விடப் புகழ்பெற்றவர் வந்தார். வைத்தியம் படித்துவிட்டு மனத்தை ஆராயப் போய், அங்கிருந்து தத்துவத்துக்கு வந்தவர். சான்று எந்தப் பக்கமும் சாயாத இடத்தில், கேள்வியும் வாழ்க்கையைப் புரட்டக்கூடியதாக இருந்தால், மனம் சாயும் பக்கத்தை நம்ப நமக்கு உரிமை உண்டு என்று அவர் வாதிட்டார். முடிவெடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான், அதிலும் ஆபத்து உண்டு என்றார். அக்காவுக்கு ஒரு வழக்கறிஞர் கிடைத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

வகுப்பில் என் பக்கத்தில் இருப்பவர் விம்பிள்டனிலிருந்து வரும் மதுரைக்காரர். அறுவைச் சிகிச்சைக்கு மயக்கமருந்து கொடுக்கும் மருத்துவராக இருந்து ஓய்வுபெற்றவர். தேநீர் இடைவேளையில், "என்ன சார், இன்னைக்கு மாப்பிள்ளை மாதிரி முகமெல்லாம் சிரிப்பா இருக்கு?" என்று கேட்டார். எதற்கென்று சொன்னேன். அக்காவின் நிலைமையையும் சொன்னேன்.

அவர் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டு யோசித்தார்.

"ஆமா, நம்புறதுக்கு அவங்களுக்கு உரிமை இருக்கு. வீட்டுல அந்தப் பொண்ணு இருக்கே, அதுவும் கூடச் சேர்ந்து நம்பணும்னு சொல்ற உரிமை இருக்கா?"

"அவள் அப்ப சின்னப் பிள்ளை."

"இப்ப இல்லையே சார். நான் ஒருத்தருக்கு மருந்து குடுத்தா அவர் மட்டும்தான் தூங்குவார். பக்கத்துல நிக்கிற நர்ஸ் தூங்கமாட்டாங்க. வீடு அப்படி இல்ல."

பிஸ்கட்டின் பாதி தேநீருக்குள் விழுந்துவிட்டது. அவர் கரண்டியால் அதைத் தேடத் தொடங்கினார்.

மகளுக்கு ஆவணியில் கலியாணம் என்று முற்றாகியிருந்தது. அவள் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். மாப்பிள்ளை பார்க்கிங்கில் வளர்ந்த நல்ல பெடியன். ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்குச் சேலைகளைக் காட்டக் கொண்டுபோனோம். நான் காரை ஓட்ட, அவள் பக்கத்தில் இருந்தாள். அக்கா வரவில்லை.

"மாமா, அப்பா இல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?" என்றாள்.

சமிக்ஞை விளக்கு பச்சையாகி நான் காரை எடுத்தேன். பிறகு, "தெரியும் எண்டு சொல்ல ஏலாது," என்றேன்.

"கிளாஸ்ல படிச்சதைச் சொல்லாதேங்கோ. நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

"இல்லையெண்டுதான் நினைக்கிறன்."

"நானும். ஆனா நான் அவருக்காக ஒருக்காலும் அழேல்லை மாமா. அழுதா அம்மாவைக் கைவிட்ட மாதிரி இருக்கும். அப்பாவுக்கு ஒரு விளக்கு வைச்சிட்டுத்தான் நான் மணவறைக்குப் போக வேணும். அவர் எங்கயோ இருந்து வராம விட்டவர் எண்ட மாதிரி என்னால கலியாணம் கட்ட ஏலாது."

"அம்மாட்டைச் சொன்னனியே?"

"எத்தினை தரம் வாயைத் திறந்தனான். அம்மா உடன வேற கதை எடுப்பா. இல்லாட்டிச் சாப்பாடு தருவா."

வகுப்பு ஆடி பிறக்குமுன்பே முடிந்துவிட்டது. அமாவாசையன்று காலையில் கோயிலுக்குக் கூட்டிப்போக அக்கா வீட்டுக்குப் போனேன். மேசையில் ஒரு தட்டில் இடியப்பமும் சொதியும் இருந்தன. மகள் உடுத்து வெளிக்கிட்டு, கை கழுவும் தொட்டியோடு சாய்ந்து நின்றாள்.

"பிள்ளை, ரண்டு வாயாவது வை. நேரமாகுது," என்றார் அக்கா.

"வேண்டாம் அம்மா."

"ஏன், வயிறு சரியில்லையே?"

"வயிறு சரி. நான் இண்டைக்கு விரதம்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது உன்ர அமெரிக்கன் சொல்லிக்குடுத்ததே?"

"மாமா ஒண்டும் சொல்லேல்லை. இது நான்," என்றாள் அவள்.

"ஆருக்கு விரதம்?"

"உங்களுக்குத் தெரியும் அம்மா."

"வாயால சொல்லு."

அவள் தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "அப்பாவுக்கு," என்றாள்.

அக்கா அந்தத் தட்டை இன்னொரு தட்டால் மூடி குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தார். கையைத் துடைத்தார். "சரி, ஏறுங்கோ. பிந்தினா அங்க கார் விட இடம் கிடையாது," என்றார்.

கோயிலில் குருக்கள் ஒவ்வொருவரிடமும் தகப்பன் பெயர் கேட்டுக்கொண்டு வந்தார். மகளின் முறை வந்ததும் அவள் அத்தானின் பெயரைச் சொன்னாள். குரல் தெளிவாக இருந்தது. எனக்கு மற்றப் பக்கத்தில் நின்ற அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மத்தியானம் வீட்டில் எல்லாருக்கும் அவரே பரிமாறினார். மகளின் தட்டில் சோறு, பருப்பு, பூசணிக்காய் வைத்தார். பிறகு காத்தோட்டிக்காய்ச் சட்டியை எடுத்து ஒரு கரண்டி நிறைய வைத்தார். அவள் அதுவரை அதைத் தின்றதில்லை. முதல் வாயிலேயே கைப்பில் முகம் சுருங்கியது, ஆனால் நிறுத்தவில்லை. தின்றுகொண்டே அழத் தொடங்கினாள். பத்து வயதுப் பிள்ளை அழுவதுபோலச் சத்தமாக அழுதாள், மூக்கால் வழிய அழுதாள். அக்கா அவளைத் தொடவும் இல்லை, தேற்றவும் இல்லை. அழுது ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தண்ணியைக் குடி," என்றார்.

பெரிய விஷயம் ஒன்று நல்லபடியாக நடந்து முடிந்துவிட்டது என்று அன்று நினைத்தேன்.

அழைப்பிதழ் அச்சுக்குப் போக இருந்தது. மறுநாள் அக்காவே அச்சகத்துக்குத் தொலைபேசி எடுத்து, அத்தானின் பெயருக்கு முன்னால் அமரர் என்று போடச் சொன்னார். கன்னிகாதானம் செய்துகொடுப்பது நானும் மனைவியும் என்று முதலே பேசியிருந்தோம், அதற்குத் தம்பதி வேண்டும். ஆனால் மாப்பிள்ளையை வரவேற்பது, தாலித் தட்டைச் சபைக்குக் காட்டுவது, மகளின் பக்கத்தில் நிற்பது எல்லாம் அக்கா செய்ய இருந்தவை. அவற்றையும் என் மனைவி செய்யட்டும் என்றார். தான் மேடைக்கு வரமாட்டேன் என்றார். குங்குமம் இல்லாத நெற்றியோடு இதைச் சொன்னார்.

"அம்மா, உதை இப்ப ஆர் பாக்கினம்?" என்றாள் மகள். "லண்டன்ல எத்தினை அம்மாமார் தனிய நிண்டு செய்யினம். நீங்கள் என்ர பக்கத்தில நிக்க வேணும்."

"முந்தநாள் வரைக்கும் நிண்டிருப்பன்."

"நான் உங்களைத் தள்ளி வைக்கச் சொன்னனானே? அப்பாவுக்குத்தானே செய்தனான்."

"நீ ஏன் செய்தனி எண்டு எனக்கு விளங்குது பிள்ளை. உன்னில பிழை இல்லை. ஆனா அவர் இல்லையெண்டால் நான் ஆர்? அதையும் சேர்த்துத்தானே சொன்னனி. அவர் எனக்கு மட்டும் உயிரோட இருக்க ஏலாது."

நான் இடையில் புகுந்தேன். கடைசி வகுப்பில் படித்த ஒருவரைத் துணைக்கு எடுத்தேன். ஒரு சமூகத்தின் விதிகளை எழுதுபவர்களுக்கு, அந்தச் சமூகத்தில் தாங்கள் யாராக இருக்கப் போகிறோம் என்பது தெரியாமல் ஒரு திரையால் மறைத்துவிட வேண்டும், அப்போதுதான் விதி நியாயமாக வரும் என்றவர் அவர்.

"விதவை மேடையில ஏறக்கூடாது எண்டு எழுதினவனுக்குத் தான் விதவையாக மாட்டன் எண்டு நல்லாத் தெரியும் அக்கா. அதாலதான் எழுதினவன்," என்றேன்.

அக்கா சிரித்தார். அந்தக் கிழமையில் அவர் சிரித்தது அப்போதுதான். "அது வடிவாத்தான் இருக்கு. ஆனா தம்பி, அந்த மண்டபத்துக்கு வாற அவ்வளவு பேருக்கும் தாங்கள் ஆரெண்டு தெரியுமே. திரையை ஆற்ற முகத்தில கட்டுவாய்?" பிறகு சிரிப்பு நின்றது. "அவைக்குப் பயந்து இல்லையடா. நம்பின நேரம் நான் அரைகுறையா நம்பேல்லை. இதையும் அரைகுறையாச் செய்ய மாட்டன்."

மகள் கெஞ்சினாள், கோபித்தாள், இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். அக்கா அசையவில்லை. ஒரு நம்பிக்கையின் பொருள் அதன் விளைவுகளில் இருக்கிறது என்று நான்தான் அந்த வீட்டுக்குள் போய்ச் சொன்னேன். அதை அந்த அளவுக்கு நேராக எடுத்துக்கொண்ட ஒருவரை நான் வகுப்பில் காணவில்லை.

கலியாணத்தன்று அக்கா மூன்றாம் வரிசையில் ஓரக் கதிரையில் இருந்தார். வெளிர்நிறச் சேலை. மணவறையிலிருந்து மகள் அடிக்கடி அந்தப் பக்கம் பார்த்தாள். புகைப்படக்காரர் ஒவ்வொரு தடவையும், "தங்கச்சி, இஞ்ச பாருங்கோ," என்று சொல்ல வேண்டியிருந்தது.

நாங்கள் எதிர்பாராத ஒன்று அதன்பிறகு நடந்தது. அழைப்பிதழில் அமரர் என்ற சொல்லைப் பார்த்தவர்களில் பலர், அத்தான் அண்மையில்தான் எங்கோ காலமாகியிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு வந்திருந்தார்கள். சாப்பாட்டு மண்டபத்தில் ஒருவர் பின் ஒருவராக அக்காவிடம் போய்க் கையைப் பிடித்தார்கள். "எப்ப நடந்தது? எங்களுக்கு ஒருத்தரும் அறிவிக்கேல்லையே." "கடைசியா எங்க இருந்தவர்?" "வருத்தமாக் கிடந்தவரே?" ஒரு பெண், மகளின் கலியாணத்தைப் பாராமல் போய்ச் சேர்ந்துவிட்டாரே என்று வாய்விட்டு அழுதார். அக்கா எல்லாருக்கும் தலையை மட்டும் ஆட்டினார். எப்ப என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கவில்லை. நான் போய், வாசலில் யாரோ தேடுகிறார்கள் என்று பொய் சொல்லி அவரை வெளியே கூட்டிவந்தேன். கார் நிறுத்துமிடத்தில் இருவரும் கொஞ்ச நேரம் நின்றோம்.

மகள் மாப்பிள்ளையோடு பார்க்கிங்குக்குக் குடிபோன மறுகிழமை அக்கா என்னைக் கூப்பிட்டார். கிரியைகளை முறைப்படி செய்ய வேண்டும், ஆண்டுதோறும் திவசமும் கொடுக்க வேண்டும். அதற்கு இறந்த நாளின் திதி தேவை. நாள் தெரியாவிட்டால் குடும்பம் ஒரு நாளைத் தீர்மானிக்கலாம் என்று குருக்கள் சொல்லியிருந்தார். யுத்தம் முடிந்த ஆண்டின் பஞ்சாங்கத்தை நான் கைப்பேசியில் தேடி எடுத்து மேசையில் வைத்தேன்.

"பஸ்ஸில ஏறின நாளை வைக்கலாமாம்," என்றேன்.

"அண்டைக்கு வேண்டாம். அண்டைக்கு அவர் இருந்தவர். நான் பாத்தனான்."

"அப்ப அடுத்த நாள்."

"ஏன், ராவோட ராவாவே?"

நான் விரலால் தள்ளினேன். "ஒரு கிழமை கழிச்சு?"

"அந்தக் கிழமை மழை. மழைக்குளிர் பட்டால் அவருக்கு இழுப்பு வாறது. பாவம். கொஞ்சம் தள்ளு."

அடுத்த மாதத்துக்குத் தள்ளினேன். அதற்கடுத்த மாதத்துக்கும் தள்ளினேன். ஒவ்வொரு தடவையும் அவர் கொஞ்சம் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்றார். பிறகு கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கித் தானே தள்ளினார். ஆடி போனது, ஆவணி போனது, புரட்டாதி போனது, ஐப்பசி போனது. கார்த்திகையில் அவர் விரல் நின்றது.

"இவ்வளவு நாளும் அவரை உள்ளுக்கை வைச்சு அடிச்சிருந்தால்," என்று தொடங்கினார். முடிக்கவில்லை.

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அணைந்துவிட்டது. நான் தொட்டு எழுப்பிக் கொடுத்தேன். அவர் பின்பக்கமாகத் தள்ளத் தொடங்கினார். இப்போது வேகமாகத் தள்ளினார். ஐப்பசி, புரட்டாதி, ஆவணி, ஆடி, ஆனி. மழை பெய்த கிழமையையும் தாண்டினார். பேருந்தில் ஏறிய நாளுக்கு அடுத்த நாளில் நிறுத்தினார்.

"இதையே குடு," என்றார். "கெதியாப் போயிருக்கட்டும்."

நான் அந்தத் திதியைக் குருக்களுக்கு அனுப்பினேன்.